கிரெக் சாப்பல் எப்போது 'இயானின் தம்பி' என்ற இடத்தைத் தாண்டினார்?

ஸ்கோர்புக் எழுதியது:

அண்ணன் நாட்டின் கேப்டன். அதே அணியில் அவருக்கு அடுத்து இறங்கி ஆடுகிறார் தம்பி. அம்மாவைப் பெற்ற தாத்தாவும் அந்த நாட்டுக்குக் கேப்டனாக இருந்தவர். இப்படி ஒரு வீட்டில் இரண்டாவதாகப் பிறந்தவருக்குத் தன் பெயர் எப்போது தனக்கே சொந்தமாகும்? சாப்பல் குடும்பத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வரும் கேள்வி இதுதான். நம் மன்றத்தில் பழைய ஆட்டங்களைப் பார்த்தவர்கள், படித்தவர்கள் நிறைய இருக்கிறீர்கள். அதனால்தான் இந்த இழை.

இளையவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அடிலெய்டை ஒட்டிய கடற்கரைப் பகுதி கிளெனெல்க். அங்கே வளர்ந்த மூன்று பையன்கள்: இயான் 1943, கிரெக் 1948, டிரெவர் 1952. தாத்தா விக்டர் ரிச்சர்ட்சன் 1935-36 தென்னாப்பிரிக்கத் தொடரில் ஆஸ்திரேலியக் கேப்டன். அப்பா மார்ட்டின் பையன்கள் கையில் சிறு வயதிலேயே நிஜமான கிரிக்கெட் பந்தைக் கொடுத்துவிட்டார். வீட்டுக் கொல்லைப்புறத்தில் அண்ணன் தம்பிகள் 'டெஸ்ட் மேட்ச்' ஆடினார்கள். ஐந்து வயது இளையவன் என்று இயான் வேகத்தைக் குறைத்துப் போட்டவர் இல்லை.

1970 டிசம்பரில் பெர்த்தில் கிரெக்கின் முதல் டெஸ்ட். அந்த மைதானத்துக்கும் அதுவே முதல் டெஸ்ட். 107 ரன்னுக்கு 5 விக்கெட் போன நிலையில் ஏழாவதாக இறங்கி 108 அடித்தார். மறுமுனையில் ரெட்பாத் 171. இருவரும் சேர்த்தது 219. இதைவிட நல்ல தொடக்கம் யாருக்கு அமையும்? ஆனால் அடுத்த பிப்ரவரியிலேயே அப்போதைய கேப்டன் பில் லாரியை நீக்கிவிட்டு இயானைக் கேப்டனாக்கினார்கள். அதன்பின் 1975 வரை கிரெக் ஆடிய டெஸ்ட் எல்லாமே அண்ணன் தலைமையில்தான். 1972 ஓவலில் அண்ணன் 118, தம்பி 113. சகோதரர்கள் ஒரே டெஸ்ட் இன்னிங்ஸில் சதமடித்தது அதுவே முதல்முறை. 1974 வெலிங்டனில் இன்னும் மேலே போனார்கள். இயான் 145, 121. கிரெக் ஆட்டமிழக்காமல் 247, பிறகு 133. ஒரே டெஸ்டில் 380 ரன். 1990-ல் இங்கிலாந்தின் கூச் 456 எடுக்கும்வரை அதுதான் உலக சாதனை. அப்படி ஆடியும், தலைப்பு 'சாப்பல் சகோதரர்கள்' என்றுதானே வரும்?

என் கருத்து இது. அவர் வெளியே வந்தது எந்தச் சதத்தாலும் இல்லை. 1973-ல் தெற்கு ஆஸ்திரேலியாவை விட்டுவிட்டு குயின்ஸ்லாந்துக்குக் கேப்டனாகப் போனார் பாருங்கள், அதுதான் அந்தக் கணம். ஊரில் அண்ணன் கேப்டன், நாட்டு அணியிலும் அண்ணன் கேப்டன். அதுவரை மாநிலங்களுக்கிடையேயான ஷெஃபீல்ட் ஷீல்டையே வெல்லாத ஒரு மாநிலத்துக்கு, 25 வயதில், வீட்டிலிருந்து அத்தனை தூரம் தள்ளிப் போனார். ரன் அடிப்பதைவிடக் கடினமான முடிவு அது.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

பட்டாபிராமன் கேட் எழுதியது:

நல்ல இழை சார். ஆனால் ஒத்துக்கொள்ள மாட்டேன். மாநிலம் மாறியதெல்லாம் ஏற்பாடு. உலகம் பார்த்த இடத்தில் வெளியே வர வேண்டும். அது 1975 நவம்பர், பிரிஸ்பேன்.

கேப்டனாக முதல் டெஸ்ட். எதிரே லாயிட் தலைமையிலான மேற்கிந்தியத் தீவுகள். சில மாதங்களுக்கு முன்புதான் இயானின் அணியை முதல் உலகக் கோப்பை இறுதியில் 17 ரன்னில் தோற்கடித்தவர்கள். ராபர்ட்ஸ், ஹோல்டிங் பந்து வீசுகிறார்கள். கிரெக் 123, ஆட்டமிழக்காமல் 109. கேப்டனான முதல் டெஸ்டிலேயே இரண்டு இன்னிங்ஸிலும் சதம். இதில் எனக்குப் பிடித்த விஷயம் இன்னொன்று. வெற்றி ரன் வந்தபோது மறுமுனையில் நின்றது இயான், 74 ரன்னோடு. அண்ணன் இப்போது சாதாரண வீரர், தம்பி கேப்டன். இருவரும் சேர்ந்தே பெவிலியன் திரும்பினார்கள். அந்தத் தொடர் 5-1. கிரெக் மட்டும் 702 ரன், சராசரி 117. நிழல் என்று ஏதாவது இருந்திருந்தால் அன்றே போய்விட்டது.

முதல் பந்து சிக்ஸர் எழுதியது:

நம் இந்திய அணிக்குக் கோச்சாக வந்து 2007 உலகக் கோப்பையில் முதல் சுற்றிலேயே வெளியேறியதை யாரும் மறக்கவில்லை. அவரைப் பற்றி இத்தனை உருக்கமாக ஒரு இழை தேவையா?

ஸ்கோர்புக் எழுதியது:

தம்பி, அந்தக் கோபம் எனக்கும் உண்டு. அதற்கு மன்றத்தில் ஏற்கெனவே பல இழைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன, அங்கே பேசலாம். இங்கே 1970 முதல் 1984 வரை ஆடிய கிரெக்கைப் பற்றி மட்டும் பேசுவோம்.

பட்டாபிராமன் கேட் சார், பிரிஸ்பேன் ஆட்டத்தின் அருமையை மறுக்கவில்லை. ஆனால் இரண்டு வருடம் குயின்ஸ்லாந்தில் கேப்டனாக இருக்காதவருக்கு அந்த முதல் டெஸ்ட் அப்படி அமைந்திருக்குமா? அன்றைக்கு அந்த மைதானமே அவருக்குச் சொந்த ஊர் மைதானம். அதையும் யோசியுங்கள்.

நெல்லைக்காரி எழுதியது:

இரண்டு பேரும் நிழலைக் கெட்டதாகவே வைத்துப் பேசுகிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இயான் கேப்டனாக இருந்த அந்த நான்கரை வருடத்தில் கிரெக்குக்கு என்ன வேலை? பேட்டிங், ஸ்லிப்பில் நிற்பது, தேவைப்பட்டால் கொஞ்சம் மிதவேகம். 1974 டிசம்பரில் பெர்த்தில் இங்கிலாந்துக்கு எதிராக ஒரே டெஸ்டில் ஏழு கேட்ச் பிடித்தாரே, அந்த மாதிரி ஆட்டத்தில் மட்டும் கவனமாக இருக்க முடிந்தது. வாரியத்தோடு சம்பளச் சண்டை, பத்திரிகைக்காரர்கள், எதிரணியின் வசவு எல்லாம் அண்ணன் தலையில். மூன்றாவதாக இறங்கிப் புதுப்பந்தின் கடுமையைத் தாங்கியவரும் அண்ணன். தம்பி நான்காவதாக வந்து நிமிர்ந்து நின்று அந்த அழகான ஆன் டிரைவை ஆடினார். அந்த அழகுக்குப் பின்னால் இயானின் தோள் இருக்கிறது.

வெளியே வந்ததும் என்ன ஆயிற்று? 1977-ல் இங்கிலாந்தில் 3-0 தோல்வி. தொலைக்காட்சி முதலாளி பேக்கர் வீரர்களை இழுத்துத் தனித் தொடர் நடத்திய விவகாரம் வெடித்து அணிக்குள்ளேயே பிளவு. கேப்டனாக இருக்கும்போதும் அவர் சராசரி 55-ஐத் தாண்டியது, அது பெரிய சாதனைதான். ஆனால் அந்த ரன்களைத் தனியாளாக எல்லாவற்றையும் சுமந்துகொண்டு அடிக்க வேண்டியிருந்தது.

இன்னொன்று. பேக்கரின் உலகத் தொடர் கிரிக்கெட்டில் ஆஸ்திரேலிய அணிக்குக் கேப்டன் யார்? இயான். ஆஸ்திரேலியாவின் டெஸ்ட் கேப்டனாக இருந்த கிரெக் மறுபடி அண்ணனுக்குக் கீழே ஆடினார். 1979-ல் மேற்கிந்தியத் தீவுகளில் போய் 621 ரன் குவித்தார். அந்த ஆட்டங்களை டெஸ்ட் கணக்கில் சேர்க்கவில்லை, ஆனாலும் அவருடைய வாழ்க்கையின் சிறந்த பேட்டிங் அதில் இருந்தது என்று சொல்பவர்கள் உண்டு. வெளியே வந்தவர் திரும்பி உள்ளே போனார், அங்கேயும் நன்றாகவே ஆடினார். இதை எந்தக் கணக்கில் வைப்பீர்கள் ஸ்கோர்புக் அண்ணா?

மூன்றாம் ஸ்லிப் எழுதியது:

நான் சொல்லப்போவது யாருக்கும் பிடிக்காது. கிரெக் சாப்பல் முழுக்க முழுக்கத் தனி மனிதராக உலகத்துக்குத் தெரிந்த நாள் 1981 பிப்ரவரி 1. மெல்போர்ன். அது பெருமையான நாள் இல்லை.

நியூசிலாந்துக்கு எதிராக ஐந்து ஒருநாள் ஆட்டம் கொண்ட இறுதித் தொடரில் மூன்றாவது ஆட்டம். கிரெக் 90 அடித்திருந்தார். கடைசி ஓவரை வீச வந்தவர் தம்பி டிரெவர். நியூசிலாந்துக்கு 15 ரன் தேவை. முதல் பந்தில் ஹாட்லி பவுண்டரி அடித்தார், அடுத்த பந்தில் எல்பிடபிள்யூ. இயான் ஸ்மித் இரண்டு முறை இரண்டிரண்டு ரன் எடுத்துவிட்டு போல்டு. ஆக அந்த ஓவரில் டிரெவருக்கு இரண்டு விக்கெட். கடைசிப் பந்து மிச்சம், சமன் செய்ய ஆறு ரன் வேண்டும். உள்ளே வருபவர் பத்தாம் இடத்து ஆட்டக்காரர் மெக்கெக்னி. மறுமுனையில் எட்கர் சதமடித்துவிட்டு வெறுமனே நிற்கிறார்.

இந்த இடத்தில் கிரெக் தம்பியிடம் வந்து, பந்தைத் தரையோடு உருட்டிவிடச் சொன்னார். நடுவரிடமும் சொல்லியாயிற்று. விக்கெட் கீப்பர் மார்ஷ் அங்கிருந்தே வேண்டாம் என்று தலையசைத்தார். டிரெவர் உருட்டினார். மெக்கெக்னி அதைத் தடுத்துவிட்டு மட்டையைத் தூக்கி எறிந்தார். அந்தப் போட்டியின் விதிப்படி அது செல்லும், அவ்வளவுதான். நியூசிலாந்துப் பிரதமரே கண்டித்தார். அதற்கப்புறம் விதியையே மாற்றினார்கள்.

கண்டித்தவர்களில் இயானும் ஒருவர், அதுவும் வெளிப்படையாக. தன் தம்பி என்று விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டு நாள் கழித்து சிட்னியில் கூட்டம் கூச்சலிட்டு வரவேற்க, கிரெக் 87 அடித்துத் தொடரை வென்றார். அதில் மனம் தளராத ஆள் என்பதும் தெரிகிறது. அன்று அணியைத் தலைமை தாங்கும் மனநிலையில் தான் இல்லை என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். நெல்லைக்காரி சொன்ன அந்தச் சுமைதான், உள்ளே இருந்து மனிதரைத் தின்றுவிட்டது.

நல்லதில் தனியாகத் தெரிவது ஒன்று. தவறில் அண்ணன் பெயர் கூட வந்து பங்கு போட்டுக்கொள்ளாமல், முழுப் பழியும் தன் பெயரில் மட்டும் விழுவது இன்னொன்று. இரண்டாவது நடந்த பிறகு அவரை யாரும் 'இயானின் தம்பி' என்று சொல்லவில்லை.

கடைக்குட்டி எழுதியது:

ரொம்ப நாளாகப் படிப்பதோடு சரி, இன்றைக்குத்தான் எழுதுகிறேன். மூன்றாம் ஸ்லிப் அண்ணன் எழுதியதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. இத்தனை பேர் பேசினீர்கள், அந்தப் பந்தை உருட்டியவனைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

எங்கள் வீட்டில் நான் மூன்றாவது. கோவில்பட்டிப் பக்கம். இரண்டு அண்ணன்களும் ஹாக்கி ஆடினார்கள், பெரியவர் மாவட்ட அளவில். நான் பள்ளி அணிக்குப் போனபோது பயிற்சியாளர் என் பெயரைக் கேட்கவே இல்லை. 'சின்னவன்' என்றுதான் கடைசிவரை கூப்பிட்டார். உள்ளூர் ஆட்டங்களில் பெரியண்ணனோடு ஒரே பக்கம் ஆடுவேன். அவர் 'கொடுடா' என்று குரல் கொடுத்தால் கொடுத்துவிடுவேன். கோல் எனக்கு நேராகத் திறந்து கிடக்கும், அப்போதும் கொடுப்பேன். அதை யோசித்துச் செய்வதில்லை. சின்ன வயதிலிருந்து அந்தக் குரலுக்குப் பழகிய கை அது.

டிரெவருக்கு அன்று 28 வயது. கேப்டன் சொன்னார், செய்தார் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். வேறு யாராவது பந்து வீசியிருந்தால் ஒருவேளை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருப்பார்கள். வேகப்பந்து வீச்சாளர் லில்லியிடம் போய் இதைச் சொல்லியிருக்க முடியுமா? அந்த ஓவரில் இரண்டு விக்கெட் எடுத்தவன் அவன். ஆறு ரன் விடாமல் ஒரு பந்து போட அவனால் முடியும் என்று அண்ணன் நம்பியிருக்கலாம். நம்பவில்லை. எனக்கு வலிப்பது அதுதான். விதியோ, ஆட்ட நாகரிகமோ அப்புறம்தான்.

டிரெவர் ஆடியது மூன்றே டெஸ்ட், மூன்றும் 1981-ல் இங்கிலாந்தில். இருபது ஒருநாள் ஆட்டம். அவ்வளவுதான். கிரெக் போலவே அவரும் ஊரை விட்டு வேறு மாநிலங்களுக்குப் போய் ஆடினார், நியூ சவுத் வேல்ஸில் நிலைத்தார். ஸ்கோர்புக் ஐயா சொல்வதுபோல் மாநிலம் மாறினால் போதும் என்றால் அவரும் வெளியே வந்திருக்க வேண்டுமே.

ஆனால் ஒரு நாள் வந்தார். 1983 ஜூன் 13, நாட்டிங்காம், உலகக் கோப்பை. நம் இந்தியாவுக்கு எதிராக டிரெவர் சாப்பல் 110. நாம் 162 ரன்னில் தோற்ற ஆட்டம். இயான் ஓய்வு பெற்றுவிட்டார், கிரெக் அந்த உலகக் கோப்பைக்கே வரவில்லை. மைதானத்தில் வேறு எந்தச் சாப்பலும் இல்லாத நாளில் அந்தச் சதம். ஐந்தாவது நாள் டன்பிரிட்ஜ் வெல்ஸில் கபில்தேவ் 175 அடித்தார், பன்னிரண்டாவது நாள் நாம் கோப்பையை வாங்கினோம். நமக்கு அந்த 110 மறந்தே போயிற்று. அவர் பெயரைச் சொன்னால் ஆஸ்திரேலியர்களுக்கும் உருண்ட பந்துதான் ஞாபகம் வரும்.

பட்டாபிராமன் கேட் எழுதியது:

கடைக்குட்டி தம்பி, நாட்டிங்காம் ஆட்டம் எனக்கு நன்றாகத் தெரியும். தோற்றதும், கபில் ஐந்து விக்கெட் எடுத்ததும் ஞாபகம் இருக்கிறது. சதமடித்தது எந்தச் சாப்பல் என்று நான் யோசித்ததே இல்லை. நீங்கள் தொடர்ந்து எழுத வேண்டும்.

மூன்றாம் ஸ்லிப் எழுதியது:

ஒரு விஷயத்தில் மட்டும் மாறுபடுகிறேன் தம்பி. கிரெக் நம்பாதது டிரெவரை என்று எனக்குப் படவில்லை. அன்று அவர் யாரையும் நம்பும் நிலையில் இல்லை. லில்லியாக இருந்திருந்தால் சொல்லியிருக்கவே மாட்டார் என்கிறீர்கள். அது உண்மைதான், அதற்கு என்னிடம் பதில் இல்லை.

நெல்லைக்காரி எழுதியது:

இரண்டு தம்பிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நடுவில் ஒரு வித்தியாசம் தெரிகிறது. அது அண்ணன்களிடம் இருக்கிறது.

1975 ஓவல் டெஸ்ட். இயான் கேப்டனாக ஆடிய கடைசி டெஸ்ட், அதில் 192 அடித்தார். வயது 31. தொடரை வென்றாயிற்று, யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. கேப்டனாக 30 டெஸ்டில் 15 வெற்றி, ஒரு தொடரைக்கூட இழந்ததில்லை. தானாகவே பதவியை விட்டார். அத்தோடு விலகி வீட்டில் உட்காராமல் தம்பி தலைமையில் ஒரு வீரராக வந்து நின்றார். பிரிஸ்பேனில் அந்த 74 ரன் எடுத்தபோது அவர் யாருக்கும் கட்டளை இடவில்லை. 1979-80லும் திரும்பி வந்து கிரெக்கின் கீழ் ஆடிவிட்டுத்தான் ஓய்வு பெற்றார். முன்னாள் கேப்டன், அதுவும் இயான் மாதிரி வாய் ஓயாத மனிதர், தம்பி கேப்டனாக நிற்கும்போது ஸ்லிப்பில் அமைதியாக நிற்பது லேசான காரியமா?

தம்பி வெளியே வந்தான் என்று நாம் தம்பியை மட்டும் பாராட்டுகிறோம். அண்ணன் நகர்ந்து வழி விட்டதும் அதில் பாதி. கிரெக்குக்கு அது கிடைத்தது. டிரெவருக்குக் கிடைக்கவில்லை. ஐந்து வயது மூத்த அண்ணனிடம் தனக்குக் கிடைத்ததைக் கிரெக் நான்கு வயது இளைய தம்பிக்குக் கொடுக்கவில்லை, மெல்போர்னில் அன்று கொடுத்திருக்கலாம்.

ஸ்கோர்புக் எழுதியது:

இந்த இழை இவ்வளவு தூரம் போகும் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லோருக்கும் நன்றி, முக்கியமாகக் கடைக்குட்டிக்கு.

நெல்லைக்காரி அம்மா கேட்டதற்கு முதலில் பதில். உலகத் தொடர் கிரிக்கெட்டில் அண்ணனுக்குக் கீழே திரும்பி ஆடியதை நான் பின்வாங்கியதாக வைக்க மாட்டேன். 1971-ல் அண்ணனுக்குக் கீழே ஆடியவருக்கு வேறு வழி இல்லை. 1977-ல் ஆடியவர் நாட்டின் கேப்டனாக இருந்துவிட்டு வந்தவர். அண்ணனின் அணியில் இருப்பது அவருக்கு அப்போது சிறுமையாகத் தெரிந்திருக்காது. ஒருமுறை வெளியே போய் நின்றவருக்குத்தான் அப்படித் திரும்பி வர முடியும். அந்த 621 ரன்னே அதைக் காட்டுகிறது.

குயின்ஸ்லாந்து பற்றி நான் சொன்னதில் இன்னும் நிற்கிறேன். ஆனால் டிரெவரும் மாநிலம் மாறினாரே என்ற கேள்வி சரியான கேள்வி. கிரெக் போனபோது அவர் கையில் ஒரு அணியைக் கொடுத்தார்கள். பதினொரு பேரை வைத்து முடிவெடுக்கும் பொறுப்பு. தோற்றாலும் அவர் பெயரில்தான் தோல்வி. டிரெவர் போன இடங்களில் அவர் ஒரு ஆல்ரவுண்டர். பிற்காலத்தில் 2001-02ல் வங்கதேச அணிக்குப் பயிற்சியாளராகப் போனார். அதற்குள் 'அந்தப் பந்து' அவருக்கு முன்னாலேயே எல்லா ஊருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

பட்டாபிராமன் கேட் சாருக்காக ஒன்று சேர்க்கிறேன். கிரெக்கின் கடைசி டெஸ்ட், 1984 ஜனவரி, சிட்னி, பாகிஸ்தானுக்கு எதிராக. கேப்டன் பதவி அப்போது அவரிடம் இல்லை, ஹியூஸிடம் இருந்தது. 182 அடித்தார். முதல் டெஸ்ட் இன்னிங்ஸிலும் சதம், கடைசி இன்னிங்ஸிலும் சதம். அந்த இன்னிங்ஸில்தான் பிராட்மனின் 6996-ஐத் தாண்டினார். மொத்தம் 87 டெஸ்டில் 7110 ரன், 24 சதம், சராசரி 53.86. 122 கேட்ச் பிடித்து இங்கிலாந்தின் கௌட்ரி வைத்திருந்த 120 கேட்ச் சாதனையையும் தாண்டினார். இயான் 75 டெஸ்டில் 5345, சராசரி 42.42. எண்களை வைத்துப் பார்த்தால் அண்ணனைத் தாண்டியது எப்போதோ முடிந்த கதை. ஆனாலும் ஆஸ்திரேலியாவில் நல்ல கேப்டன் யார் என்று பழைய வீரர்களைக் கேட்டால் பலர் இயான் பெயரைத்தான் முதலில் சொல்வார்கள். கிரெக்குக்குப் பேட்டிங். இருவருக்கும் ஆளுக்கொன்று. அது எனக்கு நிறைவாகவே இருக்கிறது.

முதல் பந்து சிக்ஸர் எழுதியது:

ஸ்கோர்புக் சார், 2007 கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. ஆனால் முழு இழையையும் படித்துவிட்டேன். அந்த 380 ரன் டெஸ்ட் பற்றி இன்னும் கொஞ்சம் எழுதுங்கள்.

கடைக்குட்டி எழுதியது:

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. நாட்டிங்காம் ஆட்டத்தின் ஸ்கோரைக் கேட்டுச் சிலர் தனி மடல் போட்டிருந்தீர்கள். ஆஸ்திரேலியா 60 ஓவரில் 9 விக்கெட்டுக்கு 320. டிரெவர் 110, யாலப் ஆட்டமிழக்காமல் 66, ஹியூஸ் 52. கபில்தேவ் 43 ரன்னுக்கு 5. இந்தியா 158. மெக்லே 39 ரன்னுக்கு 6.

ஸ்கோர்புக் ஐயா அனுமதித்தால் டிரெவருக்கென்று தனி இழை தொடங்குகிறேன். அதில் மெல்போர்னைப் பற்றி முதல் பக்கத்தில் யாரும் பேச வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.